கட்டுச்சோற்று நாளில் எலும்பு ஸ்கேன்

மருந்து வெள்ளிக்கிழமைதான் வரும் என்றார்கள். வேறு ஊரிலிருந்து விமானத்தில் வந்து இறங்குமாம். இறங்கியது முதல் அதன் வீரியம் குறைந்துகொண்டே போகுமாம். அதனால் ஊசி போட வேண்டியவர்களை எல்லாம் ஒரே காலையில் வரச் சொல்லிவிடுவார்கள். அந்த வெள்ளியை விட்டால் அடுத்த மருந்து எப்போது என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். நான் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தேன். ஆஸ்பத்திரிப் படியில் இறங்கும்போதுதான், அதே வெள்ளிக்கிழமை என் மகளுக்குக் கட்டுச்சோறு என்பது நினைவுக்கு வந்தது.

திரும்பப் போய்ச் சொல்லியிருக்கலாம். ஒருமுறை வெளியே வந்துவிட்ட அறைக்குள் மறுபடி நுழைந்து பேசுகிற ஆள் நான் இல்லை. ஐந்தாவது வரைக்கும் படித்தேன். அந்த ஐந்து வருஷமும் வாத்தியார் கேள்வி கேட்டுவிடுவாரோ என்று தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தவன். பிறகு சோமனூரில் தறிக்கு வந்தேன். தறிக் குடோனுக்குள் ஓட்டம் ஆரம்பித்துவிட்டால் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே காதில் விழாது. எல்லோரும் கையைக் காட்டித்தான் பேசிக்கொள்வோம். எனக்கு அது பிடித்திருந்தது. பேசத் தெரியாதவன் என்று அங்கே யாருக்கும் தெரியாது.

நோயும் அப்படித்தான் யாருக்கும் தெரியாமல் ஒரு வருஷம் என்னோடு இருந்தது. ஒன்றுக்குப் போக நின்றால் வராது. வந்தால் நிற்காது. டீக்கடைக்குப் பின்னால் சுவரோரம் எல்லோரும் போய்விட்டு வந்த பிறகும் நான் மட்டும் நின்றுகொண்டிருப்பேன். இதை எப்படி இன்னொருவரிடம் சொல்வது? என் மனைவிதான் கண்டுபிடித்தாள். நான் எழுந்து எழுந்து கொல்லைப்பக்கம் பொடக்காணிக்குப் போய்வருவதைப் பார்த்து, "ஏனுங்க, சக்கரை வியாதியா இருக்கப்போகுது" என்று கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கோயமுத்தூருக்குக் கூட்டிப்போனாள்.

சர்க்கரை இல்லை. மூத்திரப்பைக்கு அடியில் ஆண்களுக்கு மட்டும் ஒரு சுரப்பி இருக்கிறதாம். புராஸ்டேட் என்று பெயர். ஐம்பது வருஷத்துக்கு மேல் என் உடம்புக்குள் இருந்தது, பெயரே அன்றைக்குத்தான் தெரிந்தது. பின்பக்கமாக ஒரு குழாயை விட்டு ஸ்கேன் எடுக்க வேண்டும் என்றார்கள். மேசையில் இருந்த பெண், கூட்டத்தில் எல்லோர் காதிலும் விழும்படி, "புராஸ்டேட் ஸ்கேனுக்கு வந்தவரு யாருங்க?" என்று கூப்பிட்டாள். நான் எழவில்லை. சுற்றி இருந்தவர்களைப் போலவே நானும் யாரது என்று திரும்பிப் பார்த்தேன். அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள். கேன்டீனிலிருந்து காப்பி வாங்கி வந்த என் மனைவி அதைக் கேட்டு, "நல்லாத்தான் இருக்குது. ஒளிஞ்சுக்கிட்டா வியாதியும் வேற ஆளப் பாத்துப் போயிருமுங்களா?" என்றாள்.

கடைசி ஆளாக உள்ளே போனேன். ஸ்கேனில் சுரப்பியின் ஒரு பக்கம் கருப்பாகத் தெரிந்தது. அந்த இடத்தில் ஊசியால் துணுக்குத் துணுக்காகச் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். புற்று என்று வந்தது.

டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "சுரப்பிக்குள்ளயே இருந்துச்சுன்னா ஆபரேசன் பண்ணி எடுத்துரலாம். எலும்புக்குப் போயிருந்தா ஆபரேசன் பண்ணிப் பிரயோஜனம் இல்ல. எலும்பு ஸ்கேன் எடுத்தாத்தான் தெரியும்" என்றார்.

"போயிருந்தா என்னுங்க பண்றது?" என்று என் மனைவி கேட்டாள்.

"வேற வைத்தியம் இருக்குதுங்க. கட்டுக்குள்ள வெச்சிருக்கலாம்."

கட்டுக்குள் வைத்திருக்கலாம் என்பது எப்படிப்பட்ட வார்த்தை என்று எங்கள் இருவருக்கும் புரிந்தது. பஸ்ஸில் வரும்போது அவள் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "பிரசவம் முடியற வரைக்கும் பொண்ணு காதுக்குப் போகக் கூடாதுங்க." எங்களுக்கு ஒரே பெண். சிங்காநல்லூரில் லேத்துப் பட்டறை வைத்திருக்கிற குடும்பத்தில் கொடுத்திருந்தோம். தலைப்பிரசவம். முதலில் தங்கிய ஒன்று கலைந்து, இது இரண்டாவது. அதனால் அந்த ஏழு மாதமும் அவளை எல்லோரும் கண்ணாடிப் பாத்திரம் போலத்தான் வைத்திருந்தோம்.

ஏழாவது மாதம் பெண்ணைப் பெற்றவர்கள் புளிச்சோறு, எலுமிச்சம்பழச் சோறு, தயிர்ச்சோறு என்று வகைவகையாகக் கட்டி எடுத்துக்கொண்டு சம்பந்தி வீட்டுக்குப் போவார்கள். எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, பெண்ணைப் பிரசவத்துக்குத் தங்கள் வீட்டுக்குக் கூட்டிவருவார்கள். அதுதான் கட்டுச்சோறு. அந்த நாளைச் சம்பந்தி வீட்டில் பார்த்துக் குறித்துவிட்டார்கள். மாற்றச் சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். அதனால், விடிகாலையில் நான் தனியாக ஆஸ்பத்திரிக்குப் போய்ப் படத்தை எடுத்துக்கொண்டு அங்கிருந்தே சிங்காநல்லூருக்கு வந்துவிடுவது என்றும், அவள் ஒரம்பரை சனங்களோடு வேனில் சோற்றுப் பாத்திரங்களை ஏற்றிக்கொண்டு வருவது என்றும் முடிவு செய்தோம். படம் எடுப்பதுதானே என்று நினைத்தோம்.

ஊசியை ஒரு ஈயக் குப்பிக்குள் வைத்துக் கொண்டுவந்தார்கள். ஊசி போட்டது என் வயதை ஒத்த ஒரு அம்மா. முழங்கை மடிப்பில் குத்தி, பஞ்சை வைத்துப் பிளாஸ்திரி ஒட்டினார்.

"நெறையத் தண்ணி குடிங்க. ஒண்ணுக்கு வந்தா அடக்காதீங்க, அந்தக் கடைசி ரூமுக்கு மட்டும் போங்க. மூணு மணி நேரங் கழிச்சுப் படம்" என்றார். நான் சட்டைக்கையை இறக்கிக்கொண்டு எழுந்தேன். கதவருகே போனபோது பின்னாலிருந்து சொன்னார். "இன்னைக்கு ஒருநாள் மட்டும் கைக்கொழந்தைங்க, முழுகாம இருக்கிற பொண்ணுங்க, இவங்க பக்கத்துல போயி உக்காராதீங்க. கொஞ்சம் தள்ளியே இருங்க."

"ஏனுங்கம்மா?"

"மருந்து இருக்கற வரைக்கும் உங்க ஒடம்புல இருந்து கதிர் வந்துட்டே இருக்கும். உங்களுக்கு ஒண்ணும் ஆகாது. நாளைக்குச் சரியாப் போயிரும்."

கொஞ்சம் தள்ளி என்றால் எவ்வளவு தள்ளி? ஒரு கை நீளமா, ஒரு அறை நீளமா? தொடலாமா? கேட்க வாயெடுத்தேன். எனக்குப் பின்னால் இருந்தவர் அதற்குள் நாற்காலியில் உட்கார்ந்து சட்டைக்கையைச் சுருட்டிவிட்டார். நான் வெளியே வந்துவிட்டேன்.

ஊசி போட்டவர்களை எல்லாம் ஒரு வராந்தாவில் உட்கார வைத்தார்கள். ஆளுக்கொரு தண்ணீர்ப் பாட்டில். பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர் ஒருவர், பெரிய மீசை, எல்லோரையும் பார்த்து, "இன்னைக்கு நம்மூட்டுல கரண்டு போனாலும் வெளக்கு வேண்டியதில்லீங்க. நம்மளே எரிவோமாட்ட இருக்குது" என்றார். ஒரு சிலர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. நான் குடித்த தண்ணீர் எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. மற்றவர்கள் கடைசி அறைக்குப் போய்ப் போய் வந்தார்கள். நான் போய் நின்றுவிட்டு அப்படியே திரும்பி வந்தேன்.

படம் எடுத்த அறையில் சத்தமே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ஒரு மிஷின் ஓடினால் சத்தம் வர வேண்டும். ஒடுங்கின பலகையில் என்னைப் படுக்க வைத்து, வேட்டியோடு சேர்த்துக் கைகளைப் பட்டையால் கட்டினார்கள். மேலே இருந்து ஒரு பெரிய தகடு இறங்கி மூக்குக்கு மேலே வந்து நின்றது. "அசையாதீங்க" என்று ஒரு குரல். கண்ணை மட்டும் பக்கவாட்டில் திருப்பினால் ஒரு டிவி தெரிந்தது. அதில் புள்ளி புள்ளியாக எதுவோ விழுந்துகொண்டிருந்தது, காய்ந்த மண்ணில் தூறல் விழுவதைப் போல. முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகு தலை. பிறகு விலா. அது நான்தான். சதை இல்லாமல், முகம் இல்லாமல், நேராகப் படுத்துக் கிடக்கிற நான்.

அந்த உருவத்தின் முதுகில் முதுகெலும்புக்கு இரண்டு பக்கமும் கருப்பாக இரண்டு திட்டு இருந்தது. அடியில், சுரப்பி இருப்பதாக டாக்டர் காட்டிய இடத்துக்கு மேலே, எல்லாவற்றையும்விடப் பெரிதாக, மை கொட்டியதைப் போல ஒரு வட்டம். கையில் ஊசி குத்திய இடத்திலும் ஒரு கருப்பு. எலும்புக்குப் போயிருந்தால் கருப்பாகத் தெரியும் என்று வராந்தாவில் பேசிக்கொண்டார்கள். இதற்கு மேல் எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

முடிந்தது என்று நினைத்தபோது அந்தக் குரல், "எந்திரிச்சுப் போயி ஒண்ணுக்குப் போயிட்டு வாங்க. அடியில மட்டும் இன்னொரு படம் எடுக்கணும்" என்றது. எல்லோருக்கும் ஒன்றுதானே எடுத்தார்கள். எனக்கு மட்டும் ஏன் இன்னொன்று? அதையும் கேட்கவில்லை. திங்கட்கிழமை டாக்டரைப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

சிங்காநல்லூர் போகிற டவுன் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. இரண்டு நிறுத்தம் தள்ளி, கைக்குழந்தையோடு ஒரு பெண் ஏறி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நான் சட்டென்று எழுந்து பின்படிக்குப் போய்விட்டேன். "உக்காருங்ணா, எடந்தான் இருக்குதுல்ல" என்று கூப்பிட்டாள். வெயில் முகத்தில் அடிக்கப் படியிலேயே நின்றேன். அப்போது எனக்கு இரண்டு எண்ணம் மாறி மாறி ஓடிக்கொண்டிருந்தது. என் கதை முடிந்தது. இந்த உடம்போடு போய் என் மகள் வயிற்றில் இருப்பதையும் முடித்துவிடக் கூடாது.

சம்பந்தி வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். பந்தி ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே கூடத்தில் மகளை மனையில் உட்கார வைத்திருந்தது தெரிந்தது. கை நிறைய வளையல். முகம் உப்பி, அழகாக இருந்தாள். என்னைப் பார்த்ததும் சிரித்தாள். நான் வாசல் கேட்டைப் பிடித்தபடி நின்றுவிட்டேன்.

சம்பந்தி வாய் ஓயாத மனிதர். "ஏனுங் மச்சான், சோத்த அனுப்பிப்போட்டு நீங்க மட்டும் தறியோட்டீட்டு இருந்தீங்களாக்கும்? வாங்க, உள்ள வாங்க. பொண்ணுக்குத் திருநீறு பூச உங்களுக்குத்தான் எல்லாரும் காத்துட்டிருக்கறம்." எங்கள் வழக்கத்தில் பெற்றவர்கள் இருவரும் சேர்ந்து பெண்ணின் மடியில் சோற்று மூட்டையை வைக்க வேண்டும். அவள் காலில் விழுவாள். தூக்கிவிட்டு, திருநீறு பூசி, கையைப் பிடித்து வாசல் தாண்ட வைக்க வேண்டும்.

நான் நகரவில்லை. என் முகத்தைப் பார்த்து என் மனைவி எழுந்து வந்தாள்.

"என்னுங்க, என்ன சொன்னாங்க?"

"திங்கக்கெழம சொல்லுவாங்க." குரலை இறக்கிச் சொன்னேன். "நா இன்னைக்கு அவ பக்கத்துல போகக் கூடாதாமா. ஊசி போட்டவங்க சொன்னாங்க. வகுத்துல இருக்கறதுக்கு ஆகாதாமா."

அவள் ஒரு நொடி கண்ணை மூடித் திறந்தாள். பிறகு திரும்பி, எல்லோருக்கும் கேட்கும்படி, "வர்ற வழியில ஒரு எழவு ஊட்டுக்குள்ள போயிட்டு வந்துட்டாருங்க. அதான் உள்ள வர யோசிக்கறாரு" என்றாள்.

அதைவிட நல்ல காரணம் அந்த இடத்தில் யாருக்கும் தோன்றாது. சாவு வீட்டுக்குப் போய்வந்தவன் மாசமான பெண்ணிடம் போக மாட்டான். நானும் பெருமூச்சு விட்டேன். ஆனால் சம்பந்தியம்மா கூடத்திலிருந்தே, "அதுக்கென்னங்க, பொடக்காணில தண்ணி காஞ்சுட்டேதான் இருக்குது. தலைக்கு ஊத்திட்டு வரச் சொல்லுங்க. நல்ல நேரம் இன்னும் இருக்குது" என்றார்கள். என் மனைவி முகத்தில் ரத்தமே இல்லை.

"ஆருங்க மச்சான் தவறிப்போனது?" என்றார் சம்பந்தி.

நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். "இவரு கூட தறியோட்டுனவருங்க" என்றாள்.

"வயசானவரா?"

"இவரு வயசுதானுங்க" என்றாள் அவள். சொன்ன பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள். துக்கம் என்று நினைத்து ஒரு அம்மா அவள் முதுகைத் தடவிக் கொடுத்தார்.

சம்பந்தி துண்டையும் வேட்டியையும் கொண்டுவந்து கையில் கொடுத்தார். என்னைப் பக்கத்துச் சந்து வழியாகப் பொடக்காணிக்குக் கொண்டுபோய் விட்டார்கள். சட்டையைக் கழற்றினேன். ஒரு போசித் தண்ணீரை மொண்டு தலையில் ஊற்றினேன். சாவு வீட்டுக்குப் போய்வந்து ஊற்றிக்கொள்கிற மாதிரி, தலை முழுக்க. இன்னொரு போசி. யாருக்கு ஊற்றிக்கொள்கிறேன் என்று நினைத்தபோது கை நின்றுவிட்டது. தேய்த்தால் போகிற அழுக்கா இது? அண்டாவில் தண்ணீர் தீர்ந்துகொண்டு வந்தது. தீர்ந்தால் நான் உள்ளே போக வேண்டும்.

பின்கதவு திறந்தது. மகள் வந்தாள், கையில் சொம்பு. வளையல் சத்தம்.

"ஏனுங்கப்பா, ஆருங்க செத்துப்போனது? நம்ம குடோன்ல எல்லாத்தையும் எனக்குத் தெரியுமே."

"உள்ள போ அம்மணி."

அவள் ஒரு எட்டு வைத்தாள். நான் சுவர் வரைக்கும் பின்னால் போனேன். அதற்கு மேல் இடமில்லை. "அங்கயே நில்லு" என்று கத்திவிட்டேன். அப்படி ஒரு குரல் எனக்கு இருப்பது எனக்கே தெரியாது. பிறந்ததிலிருந்து அவளை நான் அதட்டியதில்லை.

நின்றாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள். ஈரத்தில் பாதி பிய்ந்து தொங்கிய பிளாஸ்திரியில் அவள் கண் போய் நின்றது. நான் அந்தக் கையைப் பின்னால் கொண்டுபோனேன். அதற்குள் பார்த்துவிட்டாள்.

"எழவு ஊட்டுக்கெல்லாம் போகலீங்கதான?"

"இல்ல கண்ணு."

"ஆஸ்பத்திரிங்களா?"

நான் தலையை ஆட்டினேன்.

"என்னக் கிட்ட வர வேண்டாம்னு சொன்னது எனக்காகவா, வகுத்துல இருக்கறதுக்காகவா?"

"ரெண்டுக்குந்தான். இன்னைக்கு ஒருநாள் மட்டுந்தான்னாங்க."

அவள் வேறு எதையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். சொம்பைக் கீழே வைத்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு, வயிற்றைத் தாங்கி, மெதுவாக முட்டி போட்டாள். நான் நின்ற திசையைப் பார்த்து ஈரத் தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எழ முடியாமல் கஷ்டப்பட்டாள். தூக்கிவிட எனக்குக் கை இருந்தது. பத்தடி கூட இல்லை. நான் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். அவளே எழுந்து உள்ளே போனாள். "அப்பாவுக்குக் கெறக்கமா வருதாமுங்க, காலைல இருந்து ஒண்ணும் திங்கலையாமா. அம்மா பூசுனாப் போதுமுங்க, அவரு அங்கிருந்தே கும்பிட்டுக்கறாராமா" என்று உள்ளே சொன்னது எனக்குக் கேட்டது. சம்பந்தி, "பொண்ணக் குடுத்த ஊட்டுல இப்படியா வெக்கப்படறது" என்று சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

அவர்கள் வேனில் போனார்கள். நான் பஸ்ஸில் போனேன். அன்றைக்குக் குடோனிலேயே படுத்துக்கொண்டேன். மறுநாள் என் மனைவி கோயிலுக்குப் போய் வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தாள். "வேற எத்தன பொய் இருக்குது. என்ற நாக்குல ஏன் அது வந்துச்சு" என்று மட்டும் கேட்டாள். அந்தக் கேள்வியை அவள் இன்றைக்கும் விடவில்லை.

திங்கட்கிழமை டாக்டர் படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டினார். நான் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதுகில் இருக்கிற இரண்டு திட்டையும் காட்டி அவரே பேசுவார் என்று காத்திருந்தேன். கடைசியில் நானே கேட்டேன். வாழ்க்கையில் ஒரு டாக்டரிடம் நானாகக் கேட்ட முதல் கேள்வி அது.

"முதுகுல ரெண்டு பக்கமும் இருக்குதுங்களே, அதுங்க?"

"அது கிட்னிங்க. எல்லாரு படத்துலயும் தெரியும். மருந்து அது வழியாத்தான் வெளிய போகுது."

"அடியில பெருசா?"

"மூத்திரப்பை. அது மறைக்குதுன்னுதான் இன்னொரு படம் எடுத்தாங்க."

என் மனைவி என் கையைப் பிடித்தாள். ஒரு மூச்சு நேரம் நாங்கள் இரண்டு பேரும் தப்பித்துவிட்டோம். பிறகு டாக்டர் பேனா முனையை இடது இடுப்பெலும்பின் ஓரத்தில் கொண்டுபோய் வைத்தார். அங்கே ஒரு புள்ளி, உளுந்து அளவுக்கு. டிவியில் அதை நான் பார்க்கவே இல்லை. "இதுதாங்க எனக்குச் சந்தேகம்" என்றார். தேய்மானமாகவும் இருக்கலாம் என்றார். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். தேய்மானம் இல்லை.

ஆபரேசன் இல்லை என்று ஆனது. வேறு வைத்தியம் செய்தார்கள், செய்துகொண்டிருக்கிறார்கள். அதைப் பற்றி எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. பேத்தி குறையொன்றுமில்லாமல் பிறந்தாள். பிறந்த அன்று அவள் விரலை எல்லாம் நான் எண்ணிப் பார்த்ததை யாரும் கவனிக்கவில்லை, மகளைத் தவிர.

இப்போது பேத்தி ஓடுகிறாள். ஊர்த் திருவிழா நோம்பிக்கு மகள் அவளைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். நான் வெளியே போய் வந்தால் "அப்பாரு" என்று கூப்பிட்டபடி கேட்டுக்கே ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்கிறாள். ஒரு மாதமாக எனக்கு இடது இடுப்பு வலிக்கிறது. மறுபடி எலும்பு ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். இந்த வெள்ளிக்கிழமை மருந்து வருகிறதாம்.

"குடோன்லயே இருந்துக்கறேன்" என்றேன் நேற்று.

"பாப்பா அங்க வந்து நிக்க மாட்டாளாக்கும்?" என்றாள் மகள். "அவகிட்ட, அப்பாரு ஊருக்குப் போயிட்டாருன்னு சொல்லிப்போடலாமா அம்மா?"

என் மனைவி அரிசி களைந்துகொண்டிருந்தாள். கை நின்றுவிட்டது. "அது வேண்டாம்" என்றாள். "வேற ஏதாச்சும் சொல்லு."

வேறு என்ன சொல்வது என்று மூன்று பேருமே யோசித்துக்கொண்டிருக்கிறோம்.